கோத்தன்பர்க்குக்கு ஒரு பக்கம்

ஹெலவிக், ஜனவரி 12

அன்புள்ள தூர்ஹில்ட்,

நீ பனியில் வழுக்கி விழுந்து தலையில் அடிபட்டதும், ஈஸ்டர் வரை கம்ப்யூட்டர், ஃபோன் எந்தத் திரையையும் பார்க்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதும், தீவிலிருக்கிற அக்கா வீட்டுக்குப் போய்விட்டதும் எனக்குக் கல்லூரி காபி அறையில்தான் தெரிந்தது. அதனால்தான் இந்தக் காகிதம். கடையில் தபால்தலை கேட்டேன். கடைக்காரப் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்து, "எதுக்கு?" என்றாள்.

தலைவலி குறைந்திருக்கிறதா? வெளிச்சம் கண்ணைக் குத்துகிறதா? இதைக் கேட்க மட்டுமே எழுதுகிறேன் என்று சொன்னால் நீ நம்ப மாட்டாய். சொல்லிவிடுகிறேன்.

கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்து வந்த முதல் நாளே ஐவின்ட் என்னைக் கூப்பிட்டார். துறைத் தலைவர் ஆனதிலிருந்து அவர் அறையில் நாற்காலிகளைக் குறைத்துவிட்டார். நின்றபடியே பேசினோம்.

"சுனிவா, ஆகஸ்ட்லேர்ந்து முதலாண்டுப் பொருளாதாரத்தைத் தலைமை வளாகத்துல வீடியோவாப் பதிவு பண்ணிடலாம்னு இருக்காங்க. ஒரு தடவை எடுத்தா அஞ்சு வருஷம் ஓடும்."

"அப்ப என் வகுப்பு?"

"நீங்க மெயில்ல வர்ற சந்தேகத்துக்குப் பதில் சொல்லலாம். எனக்கும் பிடிக்கல. ஆனா நான் மேல என்னன்னு சொல்றது? உங்க வகுப்பு நல்லா இருக்குன்னு நீங்க சொன்னா போதாது, நான் சொன்னாலும் போதாது. வெளியில இருக்கற விவரம் தெரிஞ்சவங்க நாலு பேர் சொல்லணும். ஜூன்ல கோத்தன்பர்க்ல பொருளாதாரம் கற்பிக்கறவங்க மாநாடு இருக்கே, அதுல உங்க வகுப்பைப் பத்தின முன்மொழிவை எடுத்துக்கிட்டாங்கன்னா, அந்தக் காகிதத்தை வச்சுக்கிட்டு நான் சண்டை போடறேன்."

முன்மொழிவு ஒரே ஒரு பக்கம்தான். பிப்ரவரி பதினைந்துக்குள் போக வேண்டும். பெயர் போடக் கூடாது. யார் எழுதியது என்று தெரியாமலேதான் மதிப்பிடுவார்கள். நான் இதுவரை எந்த மாநாட்டுக்கும் எழுதியதில்லை. நீ எழுதியவற்றை இங்கே புதிதாகச் சேருகிறவர்களுக்குக் கொடுத்துப் படிக்கச் சொல்கிறோம். உன் பக்கங்களில் ஒரு சொல்லை எடுத்தால் இன்னொன்று விழுந்துவிடும் போலிருக்கும். எனக்கு அந்தக் கை இல்லை.

நான் எழுதிய பக்கத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். பெரிய எழுத்தில் அச்சடித்திருக்கிறேன். படிக்க முடியாவிட்டால் அடுப்பில் போடு, வருத்தப்பட மாட்டேன்.

சுனிவா

—

ஸ்தூரோயா தீவு, ஜனவரி 20

சுனிவா,

ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம் படிக்கலாம். உன் பக்கத்துக்கு மூன்று நாள் ஆனது. அதில் இரண்டு நாள் கோபப்பட்டதில் போயிற்று.

"பொதுப்பண்டங்கள் குறித்து ஒரு வகுப்பறைப் பயிற்சி நடத்தப்பட்டது. மாணவர்களிடையே ஓரளவு ஆர்வம் காணப்பட்டதாகச் சொல்லலாம்."

யாரால் நடத்தப்பட்டது? பேயாலா? சொல்லலாம் என்றால் சொல்லு. சொல்லக் கூடாது என்றால் எழுதாதே. இந்த ஊரில் பிறந்தவர்களுக்கே இருக்கிற வியாதி இது. நம்மை ஒரு ஆளாக நினைத்துக்கொள்ளக் கூடாது என்று பாலோடு சேர்த்துப் புகட்டிவிட்டார்கள். பெயரை மறைத்து எழுது என்றார்கள். நீ ஆளையே மறைத்துவிட்டாய்.

ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பிட்ட மயக்கத்தில், நாற்பதாவது முன்மொழிவைக் கையில் எடுக்கிற ஒருத்தியை நினைத்துக்கொள். அவளுக்கு வேண்டியவை இவைதான். முதல் வரியில் அவளை நிமிர வைக்கிற ஒரு கேள்வி. உன் வகுப்பில் நடந்தது என்ன. அது நடந்தது என்று உனக்கு எப்படித் தெரியும். கோத்தன்பர்க் அறையில் உட்காருகிறவர்கள் உனக்குத் தரப்போகிற ஐம்பது நிமிஷத்தில் என்ன செய்யப்போகிறார்கள்? சும்மா கேட்டுவிட்டுப் போவார்கள் என்றால் அவர்களும் வீடியோ பார்க்கலாமே. இதே விஷயத்தை முன்னால் செய்தவர்கள் யார், நீ எங்கே விலகினாய் என்றும் ஒரு வரி.

உன் பக்கத்தில் இதில் ஒன்றுகூட இல்லை. ஆனால் எனக்குத் தெரியும், இருக்கிறது. நான்கு வருஷம் உன் பக்கத்து அறையில் பாடம் நடத்தினேன். சுவர் வழியாக உன் வகுப்பின் சத்தம் வரும். என் மாணவர்கள் பலகையை விட்டு அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒரு தடவை நான் வரைபடம் போட்டுக்கொண்டிருக்கும்போது அந்தப் பக்கம் ஏதோ பெரிய சிரிப்பு. என் வகுப்பிலிருந்த ஒருவன், "அங்க என்ன நடக்குதுன்னு போய்ப் பார்த்துட்டு வந்து சொல்லட்டுமா?" என்றான். நான் வேண்டாம் என்றேன். எனக்கும் போக ஆசையாகத்தான் இருந்தது.

நவம்பரில் அந்தப் பொதுப்பண்ட விளையாட்டை நடத்தினாயே, என்ன முடிவு வந்தது? "சில முடிவுகள் கிடைத்தன" என்று எழுதியிருக்கிறாய். என்ன முடிவு?

தூ.

—

ஹெலவிக், ஜனவரி 27

அன்புள்ள தூர்ஹில்ட்,

முடிவு தப்பாக வந்தது. அதனால்தான் எழுதவில்லை.

விளையாட்டு உனக்குத் தெரியும். ஒவ்வொரு சுற்றிலும் ஆளுக்குப் பத்து வில்லைகள். கையில் வைத்துக்கொண்டால் ஒரு வில்லைக்கு ஒரு புள்ளி உனக்கே. பொதுப் பெட்டியில் போட்டால் அது இரட்டிப்பாகும், ஆனால் எல்லோருக்கும் சமமாகப் பிரியும். எல்லோரும் போட்டால் எல்லோருக்கும் லாபம். ஆனால் அடுத்தவன் போடட்டும், நான் ஓசியில் சவாரி போகிறேன் என்று இருப்பவனுக்குத்தான் அதிக லாபம். யார் எவ்வளவு போட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது. சுற்றுக்குச் சுற்று பெட்டி காலியாகிக்கொண்டே வரும் என்கிறது புத்தகம். அதைக் கண்ணால் பார்க்க வைப்பதுதான் பாடம்.

காலைக் குழுவுக்கு நடத்த நல்ல பெட்டி கிடைக்கவில்லை. வீட்டிலிருந்து ஒன்றை எடுத்துப்போனேன். ஏப்ரலில் எங்கள் குடியிருப்பில் எல்லா வீட்டுக்காரர்களும் துடைப்பமும் மண்வாரியுமாக இறங்கி முற்றத்தைச் சுத்தம் செய்வோமே, அந்த நாளுக்குக் கையுறைகள் வைத்திருந்த பெட்டி. மேலே கறுப்பு மையில், அந்தக் கூட்டு வேலையின் பெயரே பெரிதாக "டுக்னாட்" என்று எழுதியிருந்தது. நான் அதைக் கவனிக்கக்கூட இல்லை.

எல்லோரும் எல்லாவற்றையும் போட்டார்கள், தூர்ஹில்ட். முதல் சுற்றில், இரண்டாவதில், கடைசி வரை. ஓசிச் சவாரி என்று ஒரு பேச்சே இல்லை. நான் பலகையில் உச்சியிலேயே இறங்காமல் போன கோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அடுத்து நடத்த வேண்டிய பாடத்துக்கு என்னிடம் ஒன்றும் இல்லை.

"எதுக்குப் போட்டீங்க? யாருக்கும் தெரியாதே, வச்சுக்கிட்டிருக்கலாமே?" என்று கேட்டேன்.

இல்வா என்ற பெண், "டுக்னாட்டுக்குப் போகாம இருந்தா எங்கம்மா கொன்னே போட்டுடுவாங்க" என்றாள்.

பின்னாலிருந்து ஒருவன், "நான் ஒண்ணும் நல்லவன் இல்லீங்க. வச்சுக்கலாம்னுதான் இருந்தேன். பெட்டி பக்கத்துல வந்ததும் கை தானா போட்டுடுச்சு" என்றான். வகுப்பே சிரித்தது.

மதியக் குழுவுக்குள் துப்புரவுப் பணியாளர் அந்தப் பெட்டியைப் பழைய அட்டைகளோடு எடுத்துப் போய்விட்டார். வெறும் பெட்டி ஒன்றை வைத்து நடத்தினேன். புத்தகத்தில் சொன்னபடியே காலியானது. எனக்குப் போன உயிர் வந்தது. அதை மட்டும் வைத்துத்தான் அந்தப் பக்கத்தை எழுதினேன். காலையில் நடந்தது என் கவனக்குறைவு. அதைப் போய் எப்படி வெளியூரில் சொல்வது?

நீ சுவரைப் பற்றி எழுதியதை நான் பல முறை படித்தேன். உன் வகுப்பு எவ்வளவு அமைதியாக இருக்கிறது, என்னால் ஏன் அப்படி நடத்த முடியவில்லை என்று நான் இந்தப் பக்கம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சுனிவா

—

ஸ்தூரோயா தீவு, பிப்ரவரி 2

சுனிவா, சுனிவா,

உன் கடிதத்தை ஒரே மூச்சில் படித்துவிட்டேன். தலை இடிக்கிறது. அக்கா திட்டுகிறாள். பரவாயில்லை.

உலகம் முழுக்க ஆயிரம் பேர் இந்த விளையாட்டை நடத்தி, புத்தகம் சொன்னது சரி என்று வீட்டுக்குப் போகிறார்கள். நீ பெட்டி மேல் ஒரு சொல்லோடு நடத்தி, புத்தகம் சொன்னது நடக்காமல் பார்த்திருக்கிறாய். பார்த்துவிட்டு, எச்சில் இலையை மடிப்பது மாதிரி மடித்து ஓரமாக வைத்துவிட்டாய். அடி அசடே!

இரு, குதிக்காதே. ஒரு காலை, ஒரு மதியம். இதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. காலைக் குழு நண்பர்களாக இருக்கலாம். மதியக் குழு பசியோடு இருந்திருக்கலாம். ஜனவரியில் புதிதாக இரண்டு குழுக்கள் வந்திருப்பார்களே, கணக்கியல்காரர்களும் கப்பல் மேலாண்மைக்காரர்களும். இன்னும் விளையாடியிருக்க மாட்டார்கள். ஒவ்வொரு குழுவையும் இரண்டாகப் பிரி. யாருக்கு எந்தப் பெட்டி என்று சீட்டுக் குலுக்கிப் போடு. இரண்டு அறை. ஒரே மாதிரிப் பெட்டி. ஒன்றில் மட்டும் அந்தச் சொல். நீ பேசுவது இரண்டு இடத்திலும் ஒரே பேச்சாக இருக்கட்டும்.

அடுத்து, போர்ச்சுகலிலிருந்து வருகிறவருக்கு டுக்னாட் என்றால் என்ன தெரியும்? அங்கேதான் உன் ஐம்பது நிமிஷம் இருக்கிறது. பின்லாந்துக்காரர்களிடம் இதற்கு ஒரு சொல் இருக்கிறது. எல்லா ஊரிலும் ஒன்று இருக்கும், கேட்டதும் கை தானாக நீளுகிற சொல். வந்தவர்களையே தேட விடு. எழுத விடு. விளையாட விடு.

அப்புறம், மாணவர்கள் தேர்வில் முன்னைவிட நன்றாக எழுதினார்கள் என்று ஒரு வரி சேர். மதிப்பீட்டாளர்களுக்கு அது பிடிக்கும். எண் இருந்தால் இன்னும் நல்லது.

என் பெயரை எங்கேயும் போடாதே. இது உன்னுடையது.

தூ.

—

ஹெலவிக், பிப்ரவரி 14

அன்புள்ள தூர்ஹில்ட்,

இந்தக் கடிதம் உன்னிடம் வருவதற்குள் பக்கம் போய்விடும். படகு இரண்டு நாள் ஓடவில்லை என்று தபால்காரர் சொன்னார். நீயில்லாமல் முடிவெடுக்க வேண்டியதாகிவிட்டது.

நீ சொன்னபடியே நடத்தினேன். புதன்கிழமை கணக்கியல் மாணவர்கள். சொல் எழுதிய பெட்டி கடைசி வரை ஏறக்குறைய நிறைந்தே இருந்தது. வெறும் பெட்டி பாதிக்குமேல் வற்றிவிட்டது. அன்று மாலை வீட்டுக்கு நடந்து போகும்போது எனக்கே என்னைப் பிடித்திருந்தது.

வெள்ளிக்கிழமை கப்பல் மேலாண்மை. வெறும் பெட்டி அறையை முதலில் முடித்துவிட்டு, சொல் எழுதிய பெட்டியிருந்த அறைக்கு வந்தேன். நான்காவது சுற்று வரை புதன்கிழமை மாதிரியேதான். அப்போது ஹால்வர் கையைத் தூக்கினான். வகுப்பில் வாயே திறக்காத ஆள், கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற உயரம்.

"ஒரு சந்தேகம். டுக்னாட்னு எழுதியிருக்கு. வாஃபிள் எங்க?"

யாரோ சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை.

"இல்ல, நிஜமாத்தான் கேக்கறேன். வேலை செஞ்சா நடுவுல காபி, வாஃபிள் தருவாங்க. தலைவரும் கூட நின்னு பெருக்குவாரு. இங்க நாங்க போட்டுக்கிட்டே இருக்கோம், நீங்க சும்மா எழுதிக்கிட்டு நிக்கிறீங்க. இது டுக்னாட் இல்ல. பேரை மட்டும் ஒட்டியிருக்கீங்க."

அடுத்த சுற்றில் பெட்டி கிட்டத்தட்ட காலி. பக்கத்து அறையின் வெறும் பெட்டியைவிடக் கீழே போய்விட்டது. கோபம் வந்துதான் போடவில்லை என்று பிறகு சொன்னார்கள். ஏமாற்றப்பட்டது போல இருந்ததாம்.

வார இறுதி முழுவதும் அந்த வெள்ளிக்கிழமையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதை எடுத்துவிட்டால் பக்கம் எவ்வளவு அழகாக இருக்கிறது! நவம்பர் காலை, பிப்ரவரி புதன், இரண்டும் ஒரே பக்கம் சாய்கின்றன. ஒருவன் இடையில் பேசியதால் அந்தச் சுற்றே கெட்டுவிட்டது என்று ஒரு காரணமும் கையில் இருக்கிறது. பொய்கூட இல்லை. நீ என்ன சொல்வாய் என்று உன் குரலிலேயே யோசித்துப் பார்த்தேன். ஒரு நேரம் "எடு" என்றாய், ஒரு நேரம் "வை" என்றாய். கடைசியில் உன் குரலை விட்டுவிட்டு ஹால்வர் முகத்தை நினைத்துக்கொண்டேன். அந்த வகுப்பில் அன்று பொருளாதாரம் பேசியவன் அவன் ஒருவன்தான்.

வைத்துவிட்டேன்.

தேர்வு வரியைச் சேர்க்கவில்லை. மன்னித்துவிடு. போன வருஷம் கேட்ட கேள்வி வேறு, இந்த வருஷம் வேறு. ஒப்பிட முடியாது. இந்தப் பாடத்தால் மாணவர்கள் கூடுதலாகக் கற்றார்களா என்று எனக்கு இன்னும் தெரியாது என்றும், அதை ஆகஸ்டில் எப்படி அளக்கப்போகிறேன் என்றும் இரண்டு வரி எழுதினேன். ஆகஸ்ட் என்று துணிந்து எழுதிவிட்டேன். எனக்கு ஆகஸ்டில் வகுப்பு இருக்குமா என்பதே அந்தப் பக்கத்தைப் பொறுத்ததுதானே.

நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். இப்படித் தொடங்குகிறது:

"மாணவர்கள் பொதுப் பெட்டியில் எதையும் போட மாட்டார்கள் என்று நான் பாடம் நடத்தத் தயாராகப் போனேன். அவர்கள் எல்லாவற்றையும் போட்டார்கள். பெட்டியின் மேல் ஒரு சொல் இருந்தது. அந்தச் சொல் எவ்வளவு தூரம் தாங்கும், எங்கே உடையும் என்பதை என் நான்கு வகுப்புகளில் பார்த்தேன். உங்கள் ஊரில் அந்தச் சொல் எது?"

சுனிவா

—

ஸ்தூரோயா தீவு, பிப்ரவரி 21

சுனிவா,

படகு நின்றது நல்லதாகப் போயிற்று. கேட்டிருந்தால் வெள்ளிக்கிழமையை எடுத்துவிடு என்றுதான் சொல்லியிருப்பேன். ஒரு பக்கத்தில் அதற்கு இடமில்லை, படிக்கிறவர் குழம்புவார், மாநாட்டில் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளலாம் என்று மூன்று காரணம் வரிசையாக அடுக்கியிருப்பேன். மூன்றும் கேட்க நன்றாக இருந்திருக்கும்.

பக்கத்தைச் சமையலறையில் சத்தமாகப் படித்தேன். அத்தான் மீன் பண்ணைக்குத் தீவனம் ஏற்றிப்போகிற படகு ஓட்டுகிறார். பொருளாதாரம் என்றாலே எழுந்து போய்விடுவார். இன்றைக்கு உட்கார்ந்திருந்தார். படித்து முடித்ததும், "அந்தப் பையன் சொன்னது சரிதான். போன வருஷம் எங்க டுக்னாட்ல காபி ஆறிப் போயிருந்துச்சு. பாதிப் பேர் மதியமே கிளம்பிட்டானுங்க" என்றார். அக்கா, "நீங்கதான் முதல்ல கிளம்பினது" என்றாள். அதற்கப்புறம் அரை மணி நேரம் சண்டை. உன் முன்மொழிவைப் பற்றி.

நான் எழுதிய எந்தப் பக்கத்துக்கும் ஒரு வீட்டில் சண்டை வந்ததில்லை.

"எனக்கு இன்னும் தெரியாது" என்று எழுதினாயே, அந்த வரியை மறுபடி மறுபடி படிக்கச் சொன்னேன் அக்காவை. கையில் இல்லாததை இருப்பதாகக் காட்டாமல், எப்படிச் சம்பாதிக்கப்போகிறாய் என்று மட்டும் சொல்லியிருக்கிறாய். இவ்வளவு வருஷத்தில் எனக்கு அப்படி எழுதத் தோன்றவே இல்லை. எண் எங்கே, எண் எங்கே என்று தேடிக்கொண்டிருந்தேன்.

எடுத்துக்கொள்வார்களா என்று கேட்காதே. தெரியாது. நல்ல பக்கங்களும் திரும்பி வரும். ஆனால் மதிப்பீடு செய்கிறவள் யாரோ, ஞாயிற்றுக்கிழமை மதியம் அவளுக்குத் தூக்கம் கலைந்திருக்கும்.

தூ.

—

ஹெலவிக், ஏப்ரல் 9

அன்புள்ள தூர்ஹில்ட்,

எடுத்துக்கொண்டார்கள்.

இதை எழுத நான்கு நாள் ஆனது. முதலில் ஐவின்ட் என்ன சொல்கிறார் என்று தெரிந்துகொண்டு எழுதலாம் என்றிருந்தேன். ஏற்புக் கடிதத்தை வாங்கிக்கொண்டு அவர் தலைமை வளாகத்துக்குப் போயிருந்தார்.

மதிப்பீட்டாளர்கள் மூன்று பேர். ஒருவருக்கு நான்கு குழுக்கள் மிகக் குறைவு என்று பட்டிருக்கிறது, சரிதான். ஒருவர் வெள்ளிக்கிழமையிலிருந்தே அமர்வைத் தொடங்கச் சொல்கிறார். மூன்றாமவர் ஒரே வரிதான் எழுதியிருக்கிறார்: "இந்த வகுப்பில் நான் உட்கார விரும்புகிறேன்."

நேற்று மதியம் ஐவின்ட் திரும்பி வந்தார். கோட்டைக்கூடக் கழற்றாமல் நேரே என் அறைக்கு வந்து, எனக்கு எதிரே உட்கார்ந்தார். நான் தந்த காகிதத்தை மடிக்கவே இல்லை போலிருக்கிறது, கையிலேயே இருந்தது.

"இதை வச்சுக்கிட்டுப் போனேன். அவங்க செலவுக் கணக்கு எடுத்தாங்க. நான் இந்த மூணாவது ஆள் எழுதினதைப் படிச்சுக் காட்டினேன். ‘வீடியோவைப் பார்த்துட்டு எவனாவது இப்படி எழுதுவானா, சொல்லுங்க’ன்னு கேட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் ஒரு அம்மா, ‘அந்த விளையாட்டை மட்டும் படம் பிடிச்சுப் போட்டுடலாமே’ன்னாங்க."

"அய்யோ."

"நானும் அதேதான் சொன்னேன். ‘பெட்டியைத் திரையிலேர்ந்து நீட்டுவாங்களா’ன்னு. சிரிச்சுட்டாங்க. இங்க ரெண்டு வருஷத்துக்கு வகுப்பு இப்படியே நடக்கும். அதுக்குள்ள நீங்க அளக்கறேன்னு எழுதியிருக்கீங்களே, அதை அளந்து குடுங்க. இல்லேன்னா என் தலை உருளும்."

ரெண்டு வருஷம். எனக்கு அது போதும். நிறைய என்றுகூடத் தோன்றுகிறது. அவர் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டேன். அழுதேன் என்று எழுதினால் நீ கேலி செய்வாய். எழுதவில்லை.

உனக்கு நன்றி சொல்ல எனக்குச் சரியான வழி தெரியவில்லை. வாக்கியம் எழுதக் கற்றுத்தந்ததற்கு மட்டும் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் ஒருத்தி காது கொடுத்துக்கொண்டிருந்தாள் என்று தெரிந்த பிறகுதான் என் சத்தத்தைப் பற்றிய வெட்கம் எனக்குக் குறைந்தது. தலை சரியாகிச் சீக்கிரம் வா. பக்கத்து அறை காலியாக இருக்கிறது, ஜன்னல் பக்கம் சூடேற்றியை மாற்றியும் விட்டார்கள்.

இன்று காலை கப்பல் மேலாண்மை வகுப்பில் விஷயத்தைச் சொன்னேன். ஆகஸ்டிலும் இந்த வகுப்பு நேரில் நடக்கும் என்று. நம் பிள்ளைகளைத் தெரியுமே, கைதட்டவில்லை, ஒருவர் முகத்திலும் ஒன்றும் தெரியவில்லை. நானே வெட்கப்பட்டுப் புத்தகத்தைத் திறந்துவிட்டேன். வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு ஹால்வர் மட்டும் வாசலில் நின்றான்.

"என் தங்கச்சி ஆகஸ்ட்ல இங்கதான் சேர்றா" என்றான்.

"அப்படியா, சந்தோஷம்."

"வீடியோதான்னு சொன்னதுனால வேற காலேஜுக்கு எழுதிப் போட்டிருந்தா. மாத்தச் சொல்லிடறேன்." தொப்பியை மாட்டிக்கொண்டான். "முதல் வரிசையில மட்டும் உட்காராதேன்னும் சொல்லிடறேன். நீங்க பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கேள்வி கேப்பீங்க."

சுனிவா